பழஞ்சுவரும் நச்சுத் துகளும்
(ஈயப்பூச்சையும் கல்நாரையும் அகற்றும் விதிகள் தோன்றிய வரலாறு)

கட்டடங்களின் வரலாற்றை எழுதுவோர் கோபுரத்தின் உயரத்தையும் தூணின் செதுக்கலையும் விரித்துரைப்பர்; சுவரின்மேற் பூசிய பூச்சினையோ கூரையில் வேய்ந்த தகட்டினையோ பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆயினும், பழைய கட்டடமொன்றைத் திருத்த முற்படும் எவரும் இன்று முதலிற் சந்திப்பது இவ்விரண்டையுமேயாம். பல நாடுகளின் சட்டங்கள், சுவரைச் சுரண்டுமுன் அதில் ஈயம் உண்டோ என ஆராய்க என்கின்றன. கூரையைக் கழற்றுமுன் அது கல்நாரோ என வினவுக என்கின்றன. இவ்விதிகள் ஒரே நாளில் எழுந்தனவல்ல. ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு நகரமும் சில நோயாளரும் ஒரு வைத்தியரோ பரிசோதகரோ நிற்பதைக் காணலாம். அவ்வரலாற்றின் சில பகுதிகளை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்களைத் தெளிந்துகொள்ளல் நன்று. தமிழில் வெள்ளீயம் என்பது வேறோர் உலோகம். பாத்திரங்களுக்குப் பூசப்படுவது அது. ஈண்டு நாம் கூறும் ஈயம் காரீயமாகும். காரீயத்திலிருந்து செய்யப்படும் வெண்பொடியை ஈயவெள்ளை எனக் குறிப்போம். கல்நார் என்பது பொருத்தமான பெயரே: பாறையிலிருந்து பஞ்சுபோலப் பிரியும் நார். கிரேக்கர் இட்ட பெயரோ அணைக்க இயலாதது எனப் பொருள்படுவது. அப்பெயரே அஸ்பெஸ்ரஸ் என்று நம் ஊர்க் கூரைவேலைக்காரரின் நாவிலும் வழங்குகின்றது.

ஈயவெள்ளை செய்யும் முறை மிகப் பழையது. ஈயத் தகடுகளை வினாகிரி நிரம்பிய மட்பாண்டங்களின்மேல் வைத்து, அவற்றைக் குதிரைச் சாணத்தினிடையே புதைத்துப் பல வாரங்கள் விட்டுவைப்பர். சாணத்தின் வெப்பமும் அதிலெழும் கரியமில வாயுவும் வினாகிரியின் ஆவியும் சேர்ந்து ஈயத்தை வெண்படிவமாக மாற்றிவிடும். அதனை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்தால் மரத்திற் பற்றி, மழைக்கு அசையாது, நன்கு மூடும் பூச்சொன்று கிடைக்கும். இதற்கு ஈடான வெண்பூச்சு நெடுங்காலம் வேறிருந்ததில்லை. அதனைச் செய்த தொழிலாளரும் பூசியவரும் வயிற்று வலியாலும் மணிக்கட்டுத் தொய்வாலும் வருந்தினர் என்பதும் பழையசெய்தியே. 1840களிற் பாரிசு நகரிற் பூச்சுவேலை ஒப்பந்தக்காரராயிருந்த லெக்கிளேர் என்பார், தம் தொழிலாளரை இந்நோயினின்று காக்கவெண்ணி, ஈயத்துக்குப் பதிலாக நாகவெள்ளையைப் புழக்கத்துக்குக் கொணர்ந்தார். ஆகவே, மாற்றுவழி இல்லை என்ற சாட்டு அக்காலத்திலேயே நீங்கிற்று. எனினும் கட்டடங்களிற் பூசும் ஈயவெள்ளையைத் தடுக்கும் சட்டத்தைப் பிரான்சு 1909இலேதான் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1915இல்.

இதுவரை கூறியவற்றில் நோயுற்றவர் தொழிலாளரே. சுவரின் பூச்சு அவ்வீட்டில் வாழ்வோரையும் வருத்தும் என்னும் உண்மை வெளிப்பட்டது ஐரோப்பாவிலன்று, அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலாகும். இப்பகுதி சற்று விரித்துரைக்கத்தக்கது.

பிரிஸ்பேன் நகரின் வீடுகள் மரத்தாலானவை; கம்பங்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை; வெப்பத்துக்கு இதமாக அகன்ற விறாந்தைகள் உடையவை. விறாந்தையைச் சுற்றி மரக்கிராதி உண்டு. குழந்தைகள் பகலெல்லாம் விளையாடுவது அவ்விறாந்தையில். 1890களின் தொடக்கத்தில் அந்நகரின் குழந்தைகள் வைத்தியசாலையில் விளங்காத நோயொன்று காணப்பட்டது. சிறுவர் வெளிறினர், வயிறு நொந்தனர், சிலருக்குக் கால் தொய்ந்தது, சிலருக்குக் கண்ணின் நரம்பு பாதிப்புற்றது. ஜெபரிஸ் ரேணர், லொக்கார்ட் கிப்சன் முதலிய வைத்தியர்கள் 1892இலேயே இஃது ஈய நஞ்சு எனத் துணிந்து அறிவித்தனர். ஆயின், தொழிற்சாலைப் பக்கமே போகாத பாலகருக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? வழி புலப்படவில்லை. வினாவுக்கு விடை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

கிப்சன் கண் வைத்தியர். குழந்தைகளின் கண்களைப் பார்த்த அவர், பின்னர் அவர்தம் வீடுகளையும் பார்க்கத் தொடங்கினார். வெயில் நேரே படும் கிராதியில் ஈயப்பூச்சு நாளடைவில் எண்ணெய் உலர்ந்து, மாவுபோல் உதிரும். கையால் தடவினால் கையில் ஒட்டும். நகங்கடிக்கும் பழக்கமும் விரல் சூப்பும் பழக்கமும் உடைய பிள்ளைகளே பெரிதும் நோயுற்றனர் என்பதையும் அவர் கண்டார். 1904இல் அவுஸ்திரேலிய வைத்திய இதழொன்றில், பூச்சுப் பூசிய கிராதிகளும் அறைச்சுவர்களுமே குயின்ஸ்லாந்துக் குழந்தைகளின் ஈய நஞ்சுக்கு மூலம் என வழக்குரைப்பதுபோல் எழுதினார். சோதனைக்கூடத்திற் பிறந்த கொள்கையன்று அது. கிராதியைத் தன் கையாலே தடவிப் பார்த்த ஒருவரின் முடிபு. எனினும் சக வைத்தியர் பலர் அதனை உடனே ஏற்றிலர். நல்ல வீட்டின் நல்ல பூச்சு நஞ்சாதல் எங்ஙனம் என்பதே அக்கால மனப்பான்மை.

சட்டம் வந்தது 1922இல். குழந்தைகளின் கைபடக்கூடிய இடங்களில் ஈயப்பூச்சைப் பயன்படுத்தலைக் குயின்ஸ்லாந்து அரசு தடுத்தது. வீட்டில் வாழ்வோரைக் கருதி இயற்றப்பட்ட பூச்சுச் சட்டங்களுள் இது மிக முற்பட்டது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அச்சட்டம் இனிப் பூசப்போவதைத் தடுத்ததேயன்றி, ஏற்கெனவே பூசப்பட்டிருந்ததை என் செய்வது என்பதற்குத் தீர்வாகவில்லை. கிராதிகள் அங்கேயே நின்றன. வெயிலும் அங்கேயே எறித்தது. 1929ஆம் ஆண்டளவிற் குயின்ஸ்லாந்தில் இளவயதினர் பலர் சிறுநீரக நோயால் இறப்பதைக் கண்ட நை என்னும் வைத்தியர், அவர்கள் சிறுவயதில் விழுங்கிய ஈயமே காரணம் என வாதித்தார். 1954இல் ஹென்டர்சன் என்பார், முற்காலத்தில் ஈய நஞ்சுற்று அவ்வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து என்னவாயினர் எனத் தேடிப் பின்தொடர்ந்தார். இறந்துபோனவருட் பெரும்பகுதியினர் சிறுநீரக நோயினாலோ குருதியழுத்தத்தாலோ இறந்திருந்தமை தெரியவந்தது. ஈயம் உடலிற் கல்சியம் போல நடித்து எலும்பிற் சென்று தங்குவது. எனவே சிறுவயதில் விறாந்தையில் ஒட்டிய பொடி முப்பது ஆண்டு கழித்து உயிரைக் கேட்டது.

இனி ஜெனீவாவுக்குச் செல்வோம். 1921இற் சர்வதேசத் தொழில் மாநாடு ஈயவெள்ளை பற்றிய உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளை தடுக்கப்பட்டது. புகையிரத நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விலக்கு வைக்கப்பட்டது. பெண்களும் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்களும் அத்தொழிலில் ஈடுபடலாகாது என விதிக்கப்பட்டது. இவையெல்லாம் பலர் எடுத்துக் கூறுபவையே. பலர் கவனியாத ஒரு சிறு வாசகமும் அதில் உண்டு. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உராய்வதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியின் அபாயத்தைத் தடுக்க இயன்ற விரைவில் ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பதே அது. பூசுவோனைவிடச் சுரண்டுவோனே பெரிதும் இடருறுவான் என்பதை அம்மாநாட்டினர் அறிந்திருந்தனர். பிரித்தானியா அவ்வுடன்படிக்கையை ஏற்கவில்லை. ஈயவெள்ளையை முற்றாகத் தடுக்கவும் மனமில்லை. அதற்கு ஈடாக 1926இல் தனிச்சட்டம் ஒன்றியற்றி, அதன்வழி வந்த விதிகளால், பழைய ஈயப்பூச்சை உலர உராய்வதைத் தடைசெய்தது. நீரால் நனைத்த பின்னரே உராய்தல் வேண்டும். தடுப்பைத் தவிர்க்கும் உபாயமாகப் பிறந்த இவ்விதியே பிற்கால விதிகளுக்கெல்லாம் அடிநிலையாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஐக்கிய அமெரிக்கா இவ்விடயத்திற் பிந்தியது. போல்ரிமோர் நகரம் 1951இலேயே வீடுகளின் உட்புறத்தில் ஈயப்பூச்சைத் தடுத்தபோதிலும், நாடு முழுவதற்குமான தடை 1978இலேதான் வந்தது. அப்போது அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் எல்லை நூற்றுக்கு 0.06 பங்கு. 2009 முதல் அவ்வெல்லை 0.009 பங்காகச் சுருங்கிற்று. அதனால் அமெரிக்கரிடையே 1978 என்பது ஒரு பிரிகோடாயிற்று: அவ்வாண்டுக்கு முற்பட்ட வீடெல்லாம் ஐயத்துக்குரிய வீடு.

இவ்விடத்திலே கதை எதிர்பாராத திருப்பம் ஒன்றைக் காண்கின்றது. நோயுற்ற குழந்தை வாழும் வீட்டிலிருந்து ஈயப்பூச்சை அகற்றுக என நகர அதிகாரிகள் ஆணையிட்டனர். வீட்டுக்காரர் ஆளை வைத்து, வாயு விளக்கின் தீநாவாற் பூச்சைப் பொசுக்கியும், பொறியால் உராய்ந்தும் அகற்றினர்; பின்னர்த் துடைப்பத்தாற் பெருக்கிவிட்டுச் சென்றனர். குழந்தை வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிற்று. சில வாரங்களில் மீண்டும் நோயுற்றது. போல்ரிமோரில் இதனை ஆராய்ந்த பார்பெல், சிசொல்ம் ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு அகற்றிய வீடுகளில் தரைத்தூசியிலுள்ள ஈயம் அகற்றிய உடனே முன்னிருந்ததினும் பன்மடங்கு பெருகியிருந்ததைக் காட்டினர். சுவரில் உறங்கிக்கிடந்த நஞ்சை எழுப்பித் தரையிற் பரப்பியதே நிகழ்ந்தது. விதிக்கு இணங்கினர், அவ்விணக்கமே தீங்காயிற்று. சட்டம் எதை அகற்றுக என்று கூறிற்றேயன்றி எப்படி அகற்றுக என்று கூறவில்லை. 1921இன் சிறு வாசகத்தை மறந்தமைக்குப் போல்ரிமோர்க் குழந்தைகள் விலை கொடுத்தனர் என்பது மிகையாகாது.

1992இன் அமெரிக்கச் சட்டம் இப்படிப்பினையை உட்கொண்டது. அது பூச்சில் ஈயமிருத்தலை மட்டும் தீங்கெனக் கொள்ளாமல், உதிரும் பூச்சு, ஈயத்தூசி, ஈயங்கலந்த மண் ஆகியவற்றைத் தீங்கெனக் கொண்டது. பழைய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தாமறிந்ததை வெளிப்படையாகக் கூறல் வேண்டும் என்ற விதி 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தவேலை செய்வோருக்கான விதியோ 2010 ஏப்பிரல் 22இலேதான் முழுவலிமை பெற்றது. அதன்படி, 1978க்கு முற்பட்ட வீட்டிலோ சிறுபிள்ளைகள் தங்கும் இடத்திலோ, உட்புறத்தில் அறைக்கு 6 சதுர அடிக்கு மேலும் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேலும் பூச்சைக் கலைக்கும் வேலைக்குப் பயிற்சியும் சான்றும் பெற்றோரே உரியர். திறந்த தீநாவாற் பொசுக்கல் கூடாது. 1100 பாகை பாரன்ஹீற்றுக்கு மேற்பட்ட வெப்பக் காற்றும் கூடாது. தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி பூட்டாத பொறியால் உராய்தலும் கூடாது. தரையிற் பிளாத்திக்குத் தாள் விரித்து வேலைசெய்து, முடிவில் ஈரத்துணியால் துடைத்து, அத்துணியின் நிறத்தை அளவு அட்டையொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். துணி கறுத்திருந்தால் மறுபடியும் துடைத்தல் வேண்டும். பேரேடுகளை மூன்றாண்டு பேணல் வேண்டும். படிப்பவர்க்கு இவை சலிப்பூட்டும் நுணுக்கங்களாகத் தோன்றலாம்; ஒவ்வொன்றும் ஒரு பிழையின் வடு.

இனிக் கல்நாரின் கதை. அது ஈயத்தினும் குறுகிய காலத்தில் உலகெங்கும் பரந்தது. 1900ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியரான ஹட்செக் என்பார், கடதாசி செய்யும் பொறியைப் போன்ற பொறியொன்றிற் கல்நாரையும் சீமெந்தையும் நீரிற் கலந்து மெல்லிய தகடுகளாகச் செய்யும் வழியைக் கண்டார். தீப்பற்றாது, கறையான் அரிக்காது, துருவேறாது, விலையும் மலிவு. ஓலைக்கும் ஓட்டுக்கும் பதிலாக அத்தகடு வெப்பநாடுகளிற் பரவியதில் வியப்பில்லை. குளிர்நாடுகளிலோ வெந்நீர்க் குழாய்களைச் சுற்றவும், இரும்புத் தூண்களில் தெளிக்கவும், பாடசாலைக் கூரைகளின் உட்புறத்தை மூடவும் அது பயன்பட்டது.

அறிவு முன்னதாகவே இருந்தது என்பதே ஈண்டு வருந்தத்தக்கது. 1898இல், பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகராயிருந்த லூசி டீன் என்னும் அம்மையார், கல்நார்த் தூசியை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்து, கண்ணாடிச் சில்லுப்போற் கூரிய அத்துணுக்குகள் காற்றில் மிதக்குமிடத்துத் தீங்கு விளைவதை ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார். அறிக்கை அச்சாயிற்று; எவரும் பொருட்படுத்திலர். 1924இல் றொச்டேல் நகரில் நெல்லி கேர்ஷோ என்ற நெசவாலைப் பெண் தமது முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். கல்நாரை நூற்றவர் அவர். அவர் தொழில்செய்த நிறுவனம் எப்பொறுப்பையும் ஏற்க மறுத்தது. அவரது சுவாசப்பையை ஆராய்ந்த குக் என்னும் வைத்தியர் அவ்வாண்டிலேயே அதனைப் பிரித்தானிய வைத்திய இதழில் வெளியிட்டார். 1927இல் அந்நோய்க்கு அஸ்பெஸ்ரோசிசு என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

அதன் பின்னரே அரசு விழித்தது. மெரிவெதர், பிறைஸ் ஆகியோர் 363 தொழிலாளரைச் சோதித்து, அவருள் நான்கிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் சுவாசப்பை தழும்பேறியிருந்ததை 1930இற் காட்டினர். 1931இற் கல்நார்த் தொழில் விதிகள் பிறந்தன. லூசி டீனின் அறிக்கைக்கும் அவ்விதிகளுக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் கிடந்தன. விதிகளோ கல்நாரைச் செய்யும் தொழிற்சாலையோடு நின்றுவிட்டன. கப்பலிற் குழாய்க்குக் கல்நார் சுற்றுவோனும், வீட்டுக்கூரையின் தகட்டை வாளால் அறுப்போனும், பழைய கட்டடத்தை உடைப்போனும் அதன் நிழலிற் சேர்க்கப்படவில்லை. பிரித்தானியா அவர்களை விதியின் எல்லைக்குட் கொணர்ந்தது 1969இல். அதற்கிடையே 1960இல், தென்னாபிரிக்காவிலிருந்து வாக்னர் முதலியோர், நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அயலில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோயுற்ற 33 பேரைப் பற்றி எழுதினர். அவருட் சிலர் சுரங்கத்தில் ஒருநாளும் வேலைசெய்தவரல்லர். சிறுவயதில் அயலில் வாழ்ந்தவர் மட்டுமே. பிரிஸ்பேன் விறாந்தையை ஈண்டு நினையாதிருத்தல் இயலாது.

ஆசிரியராகிய எம்மை மிகக் கவர்வது, இக்கதை பாடசாலைக்குள் நுழையும் பகுதியே. 1986இல் அமெரிக்க அரசு ஒரு சட்டத்தால், ஒவ்வொரு பாடசாலையும் தன் கட்டடங்களிற் கல்நார் உண்டோ எனச் சோதித்து, இருப்பின் அதனைப் பேணும் திட்டமொன்றை எழுதி, பெற்றோர் பார்க்க வைத்தல் வேண்டும் எனவும், ஆறு மாதத்துக்கொருமுறை நோக்கி, மூன்றாண்டுக்கொருமுறை மீளச் சோதித்தல் வேண்டும் எனவும் விதித்தது. சட்டம் அகற்றுக எனக் கூறவில்லை என்பதைக் கவனிக்க. ஆயின் அச்சம் கூறிற்று. பெற்றோரின் அச்சத்தாலும் ஒப்பந்தக்காரரின் ஆவலாலும் பல இடங்களில் விரைந்து பெயர்த்தெடுத்தனர். பயிற்சியில்லாதார் பெயர்த்தமையால், முன்பு தூய்மையாயிருந்த காற்றில் நார் பறந்தது. 1990இற் சூழல் பாதுகாப்பு நிறுவனமே தலையிட்டு, கல்நார் ஒரு கட்டடத்தில் இருப்பது வேறு, அதனைச் சுவாசிப்பது வேறு. சிதையாத கல்நாரை இருந்த இடத்தில் மூடிப் பேணுதலே பெரும்பாலும் நன்று. முறைதவறிய அகற்றல் இல்லாத அபாயத்தை உண்டாக்கும் என்ற கருத்தில் வழிகாட்டி நூலொன்றை வெளியிட வேண்டியதாயிற்று.

மறுபுறத்திலும் தவறு நேர்ந்தது. நியூயோர்க் நகரத்துப் பாடசாலைகளில் 1980களிற் செய்த சோதனைகள் நம்பத்தகாதன என 1993இல் வெளிப்பட்டது. செப்ரெம்பரிற் பாடசாலைகளைத் திறக்க இயலாது நகரம் நாட்களைத் தள்ளிப்போட்டது. பெற்றோர் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றனர். காகிதத்தில் விதி நிறைவேறியிருந்தது. சோதித்தோம் என்ற கையொப்பமும் இருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்த ஆளே இல்லை. அதிகாரிகளின் அச்சத்தினும் பொய்யான ஆறுதல் பெருந்தீங்கு என்பது எமது எண்ணம், மறுப்பார் மறுக்கட்டும்.

பிரித்தானியா 2002இன் விதிகளால், வீடல்லாத கட்டடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கே கல்நாரைக் கண்டறிந்து, அது எங்குள்ளது, எந்நிலையிலுள்ளது என்ற ஏட்டை எழுதி வைத்து, அங்கு வேலைக்கு வருவோனுக்குக் காட்டும் கடமையை விதித்தது. அக்கடமை 2004 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று 2012இன் விதிகளில் நிலைபெற்றுள்ளது. நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் அங்கு 1985இன் விதிகளாலும், வெள்ளைக் கல்நார் 1999இலும் தடுக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடுக்க 2024 வரை காத்திருந்தது.

இவ்விரு நஞ்சுகளுக்கும் பொதுவான அகற்றுமுறை ஒன்று உண்டு. அதனைத் தொழிலாளரிடம் எளிய சொற்களிற் கூறிவிடலாம். நனைத்து வேலைசெய்க, உடைக்காதே, அறுக்காதே, பொறியால் உராயாதே, கூரைத் தகடாயின் ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்கு, மேலிருந்து எறியாதே, துடைப்பத்தாற் பெருக்காது ஈரத்துணியால் துடை, வேலையுடுப்போடு வீட்டுக்குச் சென்று பிள்ளையைத் தூக்காதே. எமது ஊரிற் பழைய மண்டபமொன்றின் தகடுகளை இளைஞர் இருவர் மேலிருந்து கீழே எறிந்து உடைத்ததையும், கீழே நின்ற சிறுவர் அத்துண்டுகளால் நிலத்திற் கோடு கீறி விளையாடியதையும் யாம் கண்டதுண்டு. சுண்ணக்கட்டிபோல் நன்றாக எழுதிற்று என்றான் ஒரு சிறுவன்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டு வீடுகளிலும் பாடசாலைகளிலும் பல கல்நார்ச் சீமெந்துத் தகடு வேய்ந்தவை. அதற்கு வேண்டிய கல்நார் பெரும்பாலும் உருசியாவிலிருந்து வந்தது. அரசு அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டொன்று காணப்பட்டதெனக் கூறி, உருசியா இலங்கைத் தேயிலையை ஏற்க மறுத்தது. உருசியா நம் தேயிலையின் பெருங்கொள்வனவாளருள் ஒன்று. சில நாட்களுக்குள் கல்நார் மீதிருந்த கட்டுப்பாட்டை இலங்கை அரசு தளர்த்தியது. உருசியாவும் தேயிலையின் தடையை நீக்கிற்று. அவ்வண்டு எப்பொதியில் ஏறியதென்பதைப் பற்றிப் பின்னர் எவரும் அதிகம் பேசவில்லை.